ஐம்பத்து மூன்றாவது சீட்டு

ஒரு சீட்டுக்கட்டில் இஸ்பேட் ஏழு ஒன்றுதான் இருக்கும். இது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் துருதுரு இரண்டைப் பார்த்தாள். காலையில், கம்ப்யூட்டர் திரையில், தன் இரண்டு கண்ணாலும். ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள் கை சும்மா இருக்காமல் புது ஆட்டத்தைத் தட்டிவிட்டது. திரையைப் படம் பிடித்தாளா என்றால் அதுவும் இல்லை. போச்சு.

ஒரு இடத்தில் உட்காராததால் ஆபீஸில் அவளுக்குத் துருதுரு என்று பெயர். வேலை என்னவோ உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஒற்றை ஆளாக ஆடும் சீட்டு விளையாட்டை நாள் முழுக்க ஆடி, தப்பு எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அன்று நாலு மணிக்கு விளையாட்டு ஊருக்கெல்லாம் வெளியாகிறது. போன மாதமும் இப்படித்தான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ஊரைக் கூட்டினாள். கடைசியில் பார்த்தால் அவள் மவுஸ்தான் கோளாறு.

"இன்னொரு தடவை இப்படிக் கிளப்பிவிட்டீங்க, போன் செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் புகார் கேட்க வேண்டும், நாற்காலியோடு நாற்காலியாக. நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கால் அரித்தது.

அதனால் மூச்சைக்கூடப் பலமாக விடாமல் ஆடினாள். ஒவ்வொரு சீட்டையும் நோட்டில் எழுதி எழுதி நகர்த்தினாள். இருபது ஆட்டம், முப்பது ஆட்டம். ஒரே ஒரு இஸ்பேட் ஏழு, நல்ல பிள்ளையாக. மணி மூன்று பத்து.

விளையாட்டுக்குப் புரோகிராம் எழுதிய சாமியார் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். எதற்கும் முகம் மாறாத மனிதர், அதனால் சாமியார். காலையில் அவரிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, ரெட்டைப் புள்ள பொறந்துச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. சத்தியமா பாத்தேன்."

"போன மாசமும் சத்தியம்தான் பண்ணின."

சுருக்கென்றது அவளுக்கு. அந்தக் கடுப்பில் தப்பான சீட்டைத் தட்டிவிட்டாள். அது பறந்து போய்க்கொண்டிருக்கும்போதே, வேண்டாம் வேண்டாமென்று 'திரும்ப எடு' பொத்தானையும் தட்டினாள். பறந்த டைமண்ட் ராணி போய்ச் சேர்ந்தாள். பழைய இடத்திலும் ஒரு டைமண்ட் ராணி சமத்தாக உட்கார்ந்திருந்தாள்.

சாமியாருக்கே முகம் மாறிவிட்டது. "பறக்கும்போதா தட்டின? சீட்டு போய் உக்காந்தப்புறம்தானே எல்லாரும் தட்டுவாங்க!"

"எனக்கு ஏதுண்ணா அவ்ளோ பொறுமை?"

காலையிலும் இதேதான் செய்திருக்கிறாள். இவ்வளவு நேரம் பொறுமையாக ஆடியதுதான் தப்பு.

மேனேஜர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "அரை செகண்டுல யாரும்மா மனசு மாறுவா? உங்களத் தவிர ஒருத்தரும் இப்படி ஆட மாட்டாங்க. அனுப்பிடலாம்."

"சார், நீங்களே ஒரு ஆட்டம் போடுங்க. ஒண்ணே ஒண்ணு."

உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் பெரிய மனுஷத்தோரணையில் ஆடினார். அப்புறம் மாட்டிக்கொண்டார். "ச்சே, இது இல்ல" என்று 'திரும்ப எடு'வில் ஒரு தட்டு. "அட, இதுவும் இல்ல" என்று இன்னொரு தட்டு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். துருதுரு நகத்தைக் கடித்தபடி கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று ஐம்பத்திரண்டு.

"முடிச்சுட்டேன்! பாத்தீங்களா?" என்று கையைத் தட்டினார் மேனேஜர்.

சாமியார் குனிந்தார். விரலை நீட்டித் திரையிலிருந்த ராஜாக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். ஆறு ராஜா.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நாலு மணிக்குப் போகாது. நிறுத்தச் சொல்லுங்க."

"சார், போன் செக்‌ஷன்..."

"உங்கள யாரும்மா அங்க அனுப்புவா? போன் பண்றவங்க பாவம்." எழுந்து இரண்டடி நடந்தவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு, நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."