யுரேனஸுக்குப் பாதி சவரம்

என் சலூனில் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, மூடத் தெரியாத என் வாய். தெரு முனையில் விண்வெளி ஆய்வு மையம் இருப்பதால் விஞ்ஞானிகள் பலருடைய தலையும் என் கைக்கு வந்துதான் போகும். தலைக்கு வெளியே இருப்பது மட்டும் என் பொறுப்பு. உள்ளே இருப்பது என் அக்காவின் துறை.

அக்காவுக்கு அந்த மையத்தில்தான் வேலை. யுரேனஸ் என்றால் உயிர். அத்தானுக்கே அந்தக் கோள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. மற்றவையெல்லாம் பெரும்பாலும் பம்பரம்போல் நின்று சுற்ற, குளிர்ந்துபோன இந்தப் பிரம்மாண்டம் மட்டும் ஒருக்களித்துப் படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை மதியத்து நான் மாதிரி. 1986இல் ஒரே ஒரு விண்கலம் அந்தப் பக்கம் போனது. அதுவும் நிற்காமல், போகிற போக்கில் எட்டிப் பார்த்ததோடு சரி. அப்போது கோளின் ஒரு பாதியில் வெயில், மறுபாதியில் இருட்டு. அந்த மறுபாதியை இன்றுவரை யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

அதைப் பார்க்கத்தான் அக்கா ஒரு கேமரா செய்து வைத்திருக்கிறாள். போய்ச் சேரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். இப்போது கிளம்பினால், படம் வரும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாவது பார்ப்பாள். இன்னொரு முறை தள்ளிப்போட்டால், படம் வரும்போது அவளே சுவரில் படமாகத் தொங்குவாள்.

தள்ளிப்போட்டார்கள். செவ்வாய்க் கோளுக்கு இன்னொரு வண்டி அனுப்பலாம் என்று திட்டக்குழு பேசி முடித்துவிட்டதாம். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதைவிட அடிக்கடி செவ்வாய்க்கு வண்டி போகிறது. அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். போதும் போதும் என்று அத்தான் சொன்ன பிறகும் நறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் மதியம் குழு கூடி அதை உறுதிசெய்வதாக இருந்தது. அன்று காலை பார்த்து, குழுவின் மூத்த உறுப்பினர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வழுக்கை ஐயா. ஒரு வாரத் தாடியைக் காட்டி வழிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கன்னத்தைப் பளிங்குபோல வழித்தேன். இடது கன்னத்து நுரையை மட்டும் துண்டால் துடைத்தேன். போர்வையை உதறினேன்.

"முடிஞ்சுது சார்."

கண்ணாடியைப் பார்த்தார். "என்னப்பா இது, இந்தப் பக்கம் அப்படியே இருக்கு?"

"அது இருட்டுல இருக்கு சார். ஒரு பக்கம் பாத்தாச்சுல்ல, போதும். மிச்சத்தை அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. கத்தி என் கையில் இருந்தது காரணமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனையே போய்ப் போய்ப் பார்ப்பீர்கள், கடைக்கோடியில் படுத்துக் கிடப்பவனை எட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு வராதா என்று பிடிபிடியென்று பிடித்தேன். அக்காவின் வெங்காயத்தையும் விடவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார்: "யுரேனஸுக்காகக் கை தூக்கினது ரெண்டே பேர்ப்பா. அதுல ஒருத்தன் நான்."

தப்பான முகத்தைச் சிரைத்தது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. அசடு வழிய மன்னிப்புக் கேட்டு, நுரைக் கிண்ணத்தை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், விடு. படம் படமாப் போட்டு விளக்கினேன், ஒருத்தன் மண்டையிலயும் ஏறல. இப்படியே போறேன். ஏன்னு கேக்காமயா இருந்துடுவாங்க?"

பாதி தாடியோடு, முழு மரியாதையோடு தெருவில் இறங்கி நடந்தார். எதிர் டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

சாயங்காலம் அக்கா நேராகக் கடைக்கு வந்தாள். "டேய், அந்த மனுஷன் மூஞ்சியை என்னடா பண்ணினே?"

குழுவில் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு காரணம் கேட்டார்களாம். நான் சொன்னதை அவர் அப்படியே சொல்ல, சிரிப்பு நின்றுவிட்டதாம். செவ்வாய் வண்டியை உறுதிசெய்யவில்லை. நாளை அக்காவைக் கேமராவோடு வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அதனால் என் கோபமும் இன்னும் இறங்கவில்லை. அத்தனை படித்தவர்களும் ஒரு கோளைப் பற்றி யோசிக்க, ஒரு பெரிய மனிதர் கோமாளி வேஷத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறதே! இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"நாளைக்குப் பேசணும். நுனியை மட்டும் ஒழுங்கு பண்ணி விடு," என்றாள். கண்ணை மூடப் போனவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "ரெண்டு பக்கமும்டா."