மூன்று பேர் இருந்தால்தான் வகுப்பு

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரையும் சேர்த்து மூன்று பேர் இருந்தால்தான் அது வகுப்பு. கிரேக்கம் நடத்துகிறவர்களுக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது. பழைய எகிப்திய மொழி நடத்தும் ரீடெலுக்கோ அது கழுத்தில் வைத்த கத்தி. பெர்லினில் இடம் கிடைக்காமல் இங்கே வந்தவர். இந்தப் பருவமும் ஆள் குறைந்தால் பாடத்தையே நீக்கிவிடுவதாக முடிவாகியிருந்தது. பிரமிடைப் பார்க்கக் கப்பலேறுவார்களாம், அதைக் கட்டினவன் எழுதியதைப் படிக்க மட்டும் ஆள் கிடையாதாம்.

அவருக்கு வாய்த்தது இரண்டே பேர். மோசேயைப் பற்றித் துப்புக் கிடைக்குமா என்று வந்த இறையியல் மாணவன் ஓட்டோ ஒருவன். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்ட கிழவர் லெம்கே இன்னொருவர். அடுப்போரம் உட்கார்ந்ததும் லெம்கே கண்ணை மூடிவிடுவார். குளிர்காயத்தான் வருகிறார் என்று ஊரே சொன்னது. ரீடெலும் அப்படித்தான் நினைத்தார்.

அந்தப் புதன்கிழமை ஓட்டோவைக் காணோம். தலை எண்ண வரும் சேவகர் க்ரால் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பையன் பாபிலோன் பாடத்துக்குத் தாவிட்டான் ஐயா. இப்போ அங்கதான் கூட்டம். போகட்டும், மாணவர் ரெண்டுன்னே போட்டுடறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

ரீடெல் கரும்பலகையைப் பார்த்தார். எகிப்திய எழுத்தான ஆந்தை பாதியில் நின்றது. அதற்குக் கால் வரையக்கூட அவருக்குக் கை எழவில்லை.

"ஒண்ணுன்னே போடுங்க."

"கணக்கு நேரா டீன் மேசைக்குப் போகுது. பாடம் போயிடும் ஐயா."

"போகட்டும். நானும் கொஞ்சம் தூங்கறேன்."

இதை நேர்மை என்று யாராவது மெச்சினால் நம்பாதீர்கள். வெறும் அலுப்பு. க்ரால் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

லெம்கே கண்ணைத் திறந்தார்.

"நான் தூங்கறேன்னு நெனச்சீங்களா?"

"இல்லையா?"

"என் பொண்டாட்டி போனதிலேர்ந்து எனக்கு ஏது தூக்கம்? வீட்டுல மகன் கடைக் கணக்கு பேசறான், மருமக வேலைக்காரியைத் திட்டறா. ஒரு மனுஷன் நிறுத்தி நிதானமா பேசறதை இங்கதான் கேக்கறேன். கண்ணை மூடினா நல்லாக் கேக்குது." கோலை ஊன்றி எழுந்தார். "என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என்கூடச் சீட்டாடறவங்க இதோ எதிர்க் காபிக் கடையிலதான் உக்காந்திருக்காங்க. ஒருத்தனை இழுத்துட்டு வந்திருப்பேனே."

ரீடெல் நடைவழிக்கு ஓடினார். "க்ரால்" என்று கூப்பிட்டார். கீழே டீன் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.