ஏழாம் வகுப்பின் டிராயிங் பீரியட்

"வாரத்துக்கு ரெண்டே ரெண்டு பீரியட், அதையும் நீங்களே வாயில போட்டுக்கிட்டா..."

"பரீட்சை வருதும்மா! யானை வரைஞ்சா எவன் மார்க் போடுவான்?"

"போன மாசம் ஏது பரீட்சை?"

"போன மாசம் பின்னம் முடியல!"

"உங்க பின்னம் என்னைக்குத்தான் முடிஞ்சிருக்கு அத்தான்?"

"ஸ்கூல்ல சார்னு கூப்பிடு."

ஏழாம் வகுப்பு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்த இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்ப்பவர்கள். கணக்கு சாருக்கு டிராயிங் டீச்சர் மனைவியின் தங்கை. வருடம் முழுக்க அவளுடைய பீரியடில் அவர் கணக்கு நடத்த, அவள் நாற்காலிகளுக்கு எண் எழுதினாள். "இங்கே துப்பாதீர்" என்று சுவருக்குச் சுவர் எழுதினாள். இப்போதும் கையில் பெயிண்ட் பிரஷ்தான்.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சண்டையை வீட்ல வச்சுக்கோங்க! கல்வி அதிகாரி வந்துட்டார். டிராயிங் நடக்குதான்னு பார்க்கத்தான் வந்திருக்கார். நடக்கலைன்னா இங்க அந்தப் போஸ்ட்டே வேணாம்னு எழுதிடுவாராம்."

"அப்போ நான்?"

"வேற எங்கயாவது தூக்கி அடிப்பாங்க."

"இந்தப் பிள்ளைங்களுக்கு?"

"அப்புறம் ஏது டிராயிங்? பேசாம வாம்மா, பேப்பரைக் கொடு."

பேப்பர் ஏது? பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தைக் கொடுத்தாள். அதிகாரி சிரித்த முகமாய் வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க பிள்ளைங்களா. டிராயிங் பீரியட்ல இத்தனை நாளா என்ன பார்த்தீங்களோ, அதையே வரைங்க."

முப்பத்தெட்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. ஒருவரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கினார் அதிகாரி. யானை இல்லை, மலை இல்லை, பூந்தொட்டிகூட இல்லை. முப்பத்தெட்டிலும் கணக்கு சார். முன்னால் இருந்து, பின்னால் இருந்து, உச்சந்தலை வழுக்கையோடு, எட்டி எழுதும்போது மேலேறிய பேண்ட்டோடு. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி அவரைச் சின்னதாக எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு, அவர் எறிந்த சாக்பீஸைத் தாள் கொள்ளாமல் வரைந்திருந்தாள்.

"அடேயப்பா! ஒரே ஆளை இத்தனை கோணத்துலயா? இவரை எத்தனை நாளா மாடலா நிக்க வச்சீங்கம்மா?"

டீச்சர் அத்தானைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"வருஷம் பூராவும் சார். ஒரு பீரியட்கூட விட்டதில்லை அவர்."

"கால் வலிக்கலையா சார் உங்களுக்கு?"

கணக்கு நடத்தினேன் என்றால் தன் தலை போகும், சேர்ந்தே மச்சினியின் வேலையும் போகும். வீட்டில் அவளுடைய அக்கா இருக்கிறாள்.

"பழகிடுச்சு சார்" என்றார்.

"இந்த மாதிரி ஒரு ஸ்கூலை நான் பார்த்ததே இல்லை. போஸ்ட் இருக்கும். இவரும் இதே மாதிரி நிக்கணும், எழுதிட்டுத்தான் போறேன். ஒரே ஒரு குறைதான்."

"என்ன சார்?"

"முகம் தெரியற எல்லாப் படத்துலயும் வாய் திறந்தே இருக்கு. மாடல் பேசக் கூடாது சார்."

அதிகாரியின் கார் கிளம்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கணக்கு சார், கிளம்பியதும் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அப்போ பின்னத்தை யாரு முடிக்கிறது?"

முப்பத்தெட்டுப் பேரும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டாள்.

"இதுக்குள்ள வந்து ஜன்னல் பக்கமா திரும்பி நில்லுங்க அத்தான், இன்னும் ஒருத்தருக்கும் உங்க மூக்கு சரியா வரல."