பாதித் தாள்

1803 பிப்ரவரி 12, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, லாவென்பாக் அரண்மனை அரங்கில் பேராசிரியர் டிராவ்கோட் எபெலிங் எழுதிய ‘ஆலைக்காரன்’ நாடகம் முதன்முறையாக மேடையேறியது.

எபெலிங் பக்கவாட்டு மாடத்தில் கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். இதுதான் தன் கடைசி நாடகம் என்பது அவருக்குத் தெரியும். அதை வைத்தியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கடைசியான நான்காம் அங்கத்துக்காகக் காத்திருந்தார். ஒரு கோமகனின் வேட்டைக்காட்டுக்குத் தன் மாவு ஆலையைப் பறிகொடுத்த கிழவன், புறப்படுமுன் பேசும் நாற்பது வரிகள் அதில் வரும். இருமலுக்கு நடுவே மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியவை. “அத ஒரு தடவ ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுட்டாப் போதும்” என்று மனைவி அமாலியாவிடம் சொல்லியிருந்தார்.

அரங்கை நடத்தும் லூடோல்ஃப் ரைன்ஸ்பெர்க், லாவென்பாக்கை ஆளும் கோமகனின் மந்திரி. எபெலிங்குக்கு ஒன்பது வருட நண்பர்; அவரும் நாடகம் எழுதுபவர். எபெலிங்கின் வரி கொதிக்கும், பொங்கும், சில சமயம் அடுப்பையே அணைத்துவிடும். ரைன்ஸ்பெர்க் செடிகொடிகளைப் பார்ப்பது போலவே மனிதர்களையும் நிதானமாகப் பார்த்து, நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எழுதியதைப் பரிமாறிக்கொள்ள அரசு அலுவலக வழக்கத்தை வைத்திருந்தார்கள். தாளை நீளவாக்கில் மடித்து வலப்பாதியில் எழுதுவார்கள்; இடப்பாதி மற்றவருக்காகக் காலியாக இருக்கும்.

“இந்த எடத்துல காது வலிக்குது, வாத்தியாரே” என்று ரைன்ஸ்பெர்க் எழுதுவார்.

“உங்க கதாநாயகிக்கு நாடி ஓடுதான்னு பாத்தீங்களா, மந்திரியாரே?” என்று எபெலிங் எழுதுவார்.

இடப்பாதியில் இருப்பது யோசனை மட்டும். ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவர் விருப்பம். ஒன்பது வருடமும் அதை இருவரும் மீறியதில்லை.

‘ஆலைக்காரன்’ தாள்கள் மட்டும் திரும்பி வரவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலும் என்று எபெலிங் சந்தோஷப்பட்டிருந்தார்.

நான்காம் அங்கத்தில் கிழவன் வந்தான். வாயைத் திறக்கவில்லை. ஆலைக் கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினான். தொப்பியிலிருந்த மாவைத் தட்டிவிட்டு நடந்து மறைந்தான். திரை விழுந்தது.

அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு முதலில் கைதட்டியவர் கோமகன். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்கள்.

எபெலிங் சுவரைப் பிடித்துக்கொண்டே நடைவழிக்கு வந்தார். ரைன்ஸ்பெர்க் மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தார்.

“பாத்தீங்களா வாத்தியாரே? ஒரு ஈ பறந்தாக்கூடக் கேட்டிருக்கும்.”

“என் நாப்பது வரி எங்க?”

“இடப்பாதில எழுதினேன். சாவி போதும்னு.”

“அத நான் பாக்கவே இல்லையே.”

“நீங்க படுக்கையில இருந்தீங்க. தொந்தரவு வேணாம்னு நேரா நகலெடுக்கறவன்கிட்டக் குடுத்துட்டேன். நல்லா வரலையா? மனசத் தொட்டுச் சொல்லுங்க.”

நன்றாகத்தான் வந்திருந்தது. எபெலிங்குக்கு அதுதான் தாங்கவில்லை.

“அந்தக் கிழவன் பேசணும்னு இருந்தான்யா” என்றார். “இத்தன வருஷமா உம்ம ஆளுங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு அழகா நடந்து போறாங்க. என் ஆள் ஒருத்தனாவது கத்திட்டுப் போயிருக்கலாம்.”

“கோமகனே தட்டினாரே!”

“ஆமா. சாவியக் குடுத்துட்டுப் போறவனுக்கு அவர் தட்டாம வேற யாரு தட்டுவா?”

அந்த வழியாக வந்த ஒரு பிரபுவின் மனைவி எபெலிங்கின் கையைப் பற்றிக்கொண்டார். “கடைசில சும்மா இருக்கக் கத்துக்கிட்டீங்க, பேராசிரியரே!”

எபெலிங் குனிந்து வணங்கினார்.

மார்ச்சில் ரைன்ஸ்பெர்க்குக்கு எபெலிங்கின் கடிதம் வந்தது. உடல்நிலை, பனி, அமாலியாவின் பல்வலி. வேறு செய்தி இல்லை. தாள் மடிக்கப்படவில்லை, ஓரத்திலிருந்து ஓரம் வரை இண்டு இடுக்கில்லாமல் எழுத்து. ரைன்ஸ்பெர்க் வழக்கம் போல இடப்பாதியைக் காலியாக விட்டுப் பதில் அனுப்பினார். அது திரும்பி வரவில்லை.

எபெலிங் மே 9ஆம் தேதி இறந்தார். ரைன்ஸ்பெர்க் அடக்கத்துக்குப் போகவில்லை. இலையுதிர் காலத்தில் ‘ஆலைக்காரன்’ அரங்கப் பிரதியின்படி அச்சானது. அந்த நாற்பது வரிகள் அதில் இல்லை.