கிளெமென்ட் சாரின் நான்கு சதவீதம்

பதினொரு மணிக்கு ஆய்வுக்குழு. தேறாவிட்டால் ரூபினியின் பிஎச்டி பதிவு ரத்து. மூன்று வருஷ உழைப்பு குப்பைக்கு. ஒன்பதரைக்கே அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது.

அவள் ஆராய்ச்சி பேரிங் எஃகைப் பற்றியது. அந்த எஃகைக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் பெரும்பகுதி கெட்டியாகிவிடும். ஆஸ்டினைட் என்கிற மெத்தென்ற பகுதி மட்டும் கொஞ்சம் மாறாமல் உள்ளே தங்கிவிடும். பாரம் ஏற ஏற அதுவும் நசுங்கிக் கெட்டியாக மாறும், மாறும்போது உப்பும். பேரிங் அளவு தப்பிப்போகும். உலகமே ஒப்புக்கொண்ட விஷயம். அடுகோடிப் பக்கத்திலிருந்த இந்தக் கல்லூரி ஆய்வகம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே எக்ஸ்ரேயில் பாரம் ஏற்றுமுன் நான்கு சதவீதம் ஆஸ்டினைட், ஏற்றிய பின்னும் அதே நான்கு. 'எங்கள் எஃகு மாறாது' என்று அவளுடைய வழிகாட்டி கிளெமென்ட் சார் கட்டுரையே எழுதிவிட்டார்.

போன வாரம்தான் டெக்னீஷியன் சீனு சாம்பிளைத் தேய்ப்பதை ரூபினி நின்று பார்த்தாள். ஓடும் உப்புத்தாள் பட்டையில், முழு நெஞ்சையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஏன் சீனு இவ்ளோ அழுத்தற?"

"சாருக்கு அதுல மூஞ்சி தெரியணும் மேடம். மீசையை ஒதுக்கிப் பார்ப்பாரு. தெரியலன்னா எக்ஸ்ரே ரூமுக்குள்ளயே விடமாட்டாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனுவின் நெஞ்சே பாரம்! மாற வேண்டியதெல்லாம் பட்டையிலேயே மாறி முடிந்துவிடுகிறது. மேல்தோலை மட்டுமே பார்க்கும் எக்ஸ்ரேக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. புதுச் சாம்பிள்களைத் தேய்க்காமல், அமிலத்தில் மின்சாரம் விட்டு மேல்தோலை மட்டும் கரைத்து அளந்தாள். பாரத்துக்கு முன் பதினாறு, பின் ஏழு.

அவற்றில் பாரம் ஏற்றாத ஒரு சாம்பிளைத்தான் இப்போது கிளெமென்ட் சார் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது, தீய்ஞ்ச தோசைக்கல்லு மாதிரி? சீனு, இதை நல்லா தேய்ச்சுக் கொண்டா."

"தேய்ச்சா மாறிடும் சார்."

"பதினஞ்சு வருஷமா தேய்க்கறோம்."

"பதினஞ்சு வருஷமா தப்பு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய நாலையே காட்டு, நான் கையெழுத்துப் போடறேன். பதினாறுன்னா வேற கைடைப் பாத்துக்கோ."

பதினொன்றுக்கு அவள் பதினாறைத்தான் காட்டினாள்.

வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை யசோதா நிமிர்ந்தார். "உங்க கைடு பேப்பர்ல நாலுன்னு இருக்கே?"

"இந்தச் சாம்பிள் பதினாறு மேடம். இதையே இங்க தேய்க்கச் சொல்லுங்க. திரும்ப அளந்து பார்ப்போம்."

"சீனு, பேக பா, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் சார், தேய்த்தால் தன் நான்கு ஜெயித்துவிடும் என்பதுபோல. சீனு விசுவாசமாக நெஞ்சைக் கொடுத்துத் தேய்த்தான். மீண்டும் எக்ஸ்ரே. நான்கு.

யசோதா பதினாறையும் நான்கையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்.

"எனக்கு ரொம்ப நாளாவே ஒரு டவுட் இருந்தது," என்றார் கிளெமென்ட் சார்.

ரூபினி தேறினாள். கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது: 'வழிகாட்டியின் கூர்ந்த கவனிப்பால் இப்பிழை கண்டறியப்பட்டது.'

அவள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். தாள் கிழியும்வரை அடித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வேற பிரிண்ட் எடுத்துட்டு வாங்க சார். என் பேரோட."

எழுந்து போகாமல், கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.