கடைசிக் காசு நாற்பது

மந்திரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. நாலு மணிக்கு வந்தார். அந்த ஆறு மணி நேரமும் நான் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, கல்யாண வீட்டு வாழைமரம் போல நின்றிருந்தேன். நகரக் கூடாது என்று மேலாளர் உத்தரவு. சட்டைப் பையில் மாற்றல் படிவம். ஐந்து மணிக்குள் நாணயச்சாலை வாசலுக்கு வெளியே இருக்கும் அலுவலக ஜன்னலில் அதைக் கொடுத்தால் பெரிய காசுப் பிரிவில் வேலை. கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து வீடு.

மிகச் சின்னக் காசை இனி அடிப்பதில்லை என்று முடிவாகியிருந்தது. அதன் மதிப்பைவிட அதை அடிக்கும் செலவு அதிகமாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு இரண்டு வருடம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. எங்கள் கூடத்தைக் கூட்டுகிற அக்காவைக் கேட்டிருந்தால் துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே சொல்லியிருப்பார்.

மந்திரி "கனத்த இதயத்தோடு" என்று ஆரம்பித்து, கடைசிக் காசை அடிக்கப் பொத்தானில் விரலை வைத்தார். ஒரு தட்டு தட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும் என்று மேலாளரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். மந்திரிக்கு யார் சொல்வது? அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசிக் காசுகள் சடசடவென்று கொட்டின. எண்ணினேன், நாற்பது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒன்று மந்திரிக்கு. ஒன்று காட்சிசாலைக்கு. ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பத்தொன்பது வருட உழைப்புக்கு மரியாதை என்று என் கையில் கொடுத்தார்கள். மிச்சத்தை மேலாளர் புறங்கையால் கழிவுத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு மந்திரியின் காருக்குப் பின்னால் ஓடினார்.

வாசலுக்கு வந்தபோது நாலு நாற்பது. காவலுக்கு என் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிடுவான். திங்கட்கிழமை என் செருப்பைக் கழற்றித் தட்டிப் பார்ப்பான். பெட்டியை உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்குள் விட்டான்; கருவி கத்தியது.

"மாமா, பெட்டி கத்துது."

"மந்திரி குடுத்ததுடா மச்சான். நீயும்தானே கை தட்டின?"

"தட்டினேன். அது வேற. காசு வெளிய போகணும்னா மேலாளர் கையெழுத்து வேணும்."

"அவர் கார் பின்னால ஓடிட்டார்."

"அப்ப திரும்பி வர்ற வரைக்கும் அப்படி ஓரமா உக்காருங்க."

"அஞ்சு மணிக்குள்ள படிவம் குடுக்கணும். உங்கக்காவுக்கு நீ பதில் சொல்றியா?"

அவன் முகம் சுருங்கியது. "அக்காவே வந்தாலும் கையெழுத்து வேணும் மாமா."

"சரி, நீயே வெச்சுக்கோ."

"ஐயையோ! என்கிட்ட இருந்தா என் வேலை போயிடும்."

தெருவில் கிடந்தால் குனிந்து எடுக்க ஆளில்லாத காசு. அதைத் தொட இரண்டு ஆம்பிளைகள் பயந்துகொண்டு நிற்கிறோம். சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் நகர்ந்தது. பிறகு மேலாளரின் புறங்கை நினைவுக்கு வந்தது. முப்பத்தேழு கடைசிக் காசுகள், ஒரு கையெழுத்தும் இல்லாமல்.

கூடத்துக்குத் திரும்பினேன். பெட்டியைத் திறந்து கழிவுத் தொட்டியின் மேல் கவிழ்த்தேன். மற்றவற்றின் மேல் விழுந்து ஒருமுறை கிணீரென்றது. எது என் மரியாதை என்று அப்புறம் தெரியவில்லை. பெட்டியை மட்டும் விடவில்லை. நல்ல கனமான கண்ணாடி.

மச்சான் பெட்டியைக் கருவிக்குள் விட்டான். சத்தமில்லை. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"உள்ள என்ன மாமா?"

"மரியாதை."

"அது கத்தாது. போங்க, போங்க."

ஜன்னலில் நாலு ஐம்பத்தேழு. எழுத்தர் மின்விசிறிக் காற்றில் படபடத்த படிவங்களை முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். என்னுடையதில் முத்திரை குத்தி மேலே வைத்தார். ஜன்னலைச் சாத்தப்போனவர் என் கையைப் பார்த்தார்.

"பெட்டி காலியா? குடுத்துட்டுப் போங்க சார், பேப்பர் பறக்குது."

கொடுத்தேன். என் படிவத்தின் மேல் வைத்தார். மந்திரி கொடுத்ததில் உருப்படியாக ஒரு வேலை செய்தது அதுதான்.