குற்றாலத்தில் குளித்த குற்றம்

குற்றாலத்தில் குளித்ததற்காகச் சிறைத்தண்டனை வாங்கியவன் இந்தப் பூலோகத்திலேயே நான் ஒருவன்தான். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஏழு ஜீப் வந்தது. எட்டாவது ஜீப் என் பெயரைக் கேட்டதும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது.

சரி, ஜீப் ஒன்றுதான். தண்டனை சத்தியம். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. நான் குளித்தேன். தென்காசி கோர்ட்டில் ‘கோர்ட் கலையும் வரை சிறை’ என்றார்கள். அதாவது, சாயங்காலம் ஜட்ஜ் எழுந்து போகும்வரை மூலை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அதில் தூங்கிப்போய், பெருக்க வந்த அம்மாள் எழுப்பித்தான் விடுதலையானேன்.

நான் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் உமாதேவிக்குத் தலைப்பிரசவம். நானும் மனைவி கல்யாணசுந்தரியும் விசாவுக்கு விண்ணப்பித்தோம். ‘எப்போதாவது கோர்ட்டில் தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று படிவம் கேட்டது. அறுபத்து நாலு வயதில் என்னை யாரும் இவ்வளவு ஆசையாக விசாரித்ததில்லை. ‘ஆம்’ என்று டிக் அடித்தேன்.

ஏஜெண்ட் கௌரிசங்கர் தலையில் கை வைத்தான். “அண்ணாச்சி, அத இப்ப யாரு கண்டா? இல்லன்னு போட்டுட்டுப் போவீகளா!”

“ஊருக்குள்ள ஆயிரம் கதை அளப்பேம்லே. கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல மாட்டேன்.”

கல்யாணசுந்தரி உடனே நம்பினாள். “செஞ்சிருப்பீக. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இத்தன வருஷமா ஒரு கைதிக்கா சோறு பொங்கிப் போட்டேன்?”

விசா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தீர்ப்பு நகல் வேண்டும். இல்லையென்றால் நேரில் அறிந்த ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். பதினைந்து நாள் கெடு. கோர்ட்டில் அந்தக் காலத்துக் கட்டுகளை எப்போதோ அழித்துவிட்டார்களாம். மிச்சமிருந்த ஒரே சாட்சி, என்னைப் பிடித்த கான்ஸ்டபிள் அருமைநாயகம். ஓய்வு பெற்று, குற்றாலத்தில் பழக்கடை போட்டிருந்தார். தலைக்கு மேலே, வெள்ளத்தில் குதித்து ஆளைப் பிடித்ததற்கான நற்சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது.

ஊரே நம்பியது. அவர் ஒருத்தர் மட்டும் நம்பவில்லை.

“உம்மையா? நானா? கனவு கண்டீரா வே?” என்றபடி மங்குஸ்தானை அடுக்கினார். “நான் பிடிச்சது வேற ஆளு. ஆறடி. மீசை.”

மூன்று நாள் நடந்தேன். கெஞ்சினேன். அசையவில்லை. கெடுவில் ஒரே நாள் பாக்கி. போனில் உமாதேவி, “அப்பா, வந்துருவீகல்லா?” என்று கேட்டபோது எனக்கே அளக்க வாய் வரவில்லை.

நான்காம் நாள் நல்ல சாரல். கடை முன்னால் கூட்டம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்து விட்டேன்.

“கேளுங்க மக்களே! எண்பத்து மூணுல இந்த அண்ணாச்சி என்னையும் ஒரு முதலையையும் ஒத்தக் கையால பிடிச்சாரு!”

“முதலையா? அருவியில ஏதுவே முதலை?”

“பிடி வழுக்குச்சே அண்ணாச்சி! முதலைத் தோலுதான் அப்படி வழுக்கும்.”

“தோலாவது, மண்ணாவது! எண்ணெய் வே! நீரு என் முதுகுல தேச்ச நல்லெண்ணெய்!”

ரம்புட்டான் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தாள். “போலீஸ்காரரு முதுகுல இவரு எதுக்கு எண்ணெய் தேச்சாரு?”

அருமைநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நடந்தது இதுதான். காவலுக்கு நின்றவரே சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, “இன்ஸ்பெக்டர் ஐயா வர நேரமாகும், முதுகத் தேச்சு விடும்” என்று என்னையும் அருவிக்குள் கூட்டிப் போனார். ஜீப் சத்தம் கேட்டதும் என் கழுத்தைப் பிடித்து, “பிடிச்சிட்டேன் ஐயா!” என்று கத்தினார்.

“பேரன்மாரெல்லாம் இந்தச் சர்டிபிகேட்டக் கும்பிடுதானுவ வே,” என்றார் மெதுவாக.

“நீங்க தண்ணிக்குள்ள எறங்குனது நெசம்தானே அண்ணாச்சி. எதுக்கு எறங்குனீகன்னு யாரும் கேக்கலையே.”

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு கூட்டம் சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பேரருவி ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுத்தான் மறுபடி விழுந்தது.

பத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“நடந்தது நெசம். இவரு குளிச்சாரு, நான்தான் பிடிச்சேன்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தார். “நானும்தான் குளிச்சேன்.”